வரி விபரத்திரட்டுக்கு முன் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகள்

மார்ச் 31 இரவு, படுக்கப்போக முன், என் வங்கிக் கணக்குகளின் மீதியைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். கையில் இருக்கும் காசு, தம்பிக்குக் கொடுத்த கடன், அந்த வருடம் வாங்கிய நகை எல்லாம் அதே பக்கத்தில். இலங்கையில் எங்கள் வரி மதிப்பாண்டு, அதாவது வரிக்குக் கணக்குப் பார்க்கும் வருடம், ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. அந்த வருடத்து வருமானத்தையும் வரியையும் காட்டும் விபரத்திரட்டைக் கொடுக்க நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. ஆனால் நவம்பரில் உட்கார்ந்து மார்ச் மாதத்துக் கைக்காசை யாரால் நினைவுபடுத்த முடியும்?

எனக்கு மூன்று வழியில் வருமானம். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் சம்பள வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். அப்பாவின் காசில் வைத்த நிலையான வைப்பு ஒன்றும் உண்டு. மூன்றுக்கும் தனித்தனிக் கடித உறை வைத்திருக்கிறேன்.

சம்பள உறை லேசானது. வேலைத்தலத்தில் டீ-10 சான்றிதழ் தருவார்கள். வருடச் சம்பளமும் அதில் கழித்த வரியும் அதில் இருக்கும். கையில் கிடைத்ததும் டின் இலக்கத்தை (உங்கள் வரி அடையாள இலக்கத்தை) ஒவ்வொரு எண்ணாகச் சரிபாருங்கள். பிறகு பன்னிரண்டு சம்பளத் துண்டுகளையும் கூட்டி, சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போனஸ் வந்த மாதத்தில்தான் வழக்கமாக வித்தியாசம் வரும்.

வைப்பு உறையில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். என் வைப்பின் வட்டி கைக்கு வருவதில்லை. தவணை முடிய முதலோடு சேர்ந்து புதுப்பிக்கப்படும். கையில் வாங்காத காசு வருமானம் இல்லை என்று முதல் வருடம் விட்டுவிட்டேன். அது பிழை. முதலோடு சேர்ந்தாலும் அது அந்த வருடத்து வட்டிதான். வட்டிக்கு வங்கி வரி வெட்டியதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 2025 ஏப்ரலில் இருந்து அந்த வெட்டு 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியிருக்கிறது. சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கும் உரியதா என்பதை அங்கேயே நின்று பாருங்கள். ஒரு தடவை எனக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் உரியதைத் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துதான் கண்டேன். திரும்பப் போய் மாற்ற அரை நாள் லீவு போனது.

“வங்கி வெட்டிவிட்டது, அதோடு சரி” என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வார். அப்படி இல்லை. வட்டியை மற்ற வருமானத்தோடு கூட்டி மொத்தமாகக் கணக்குப் பார்க்க வேண்டும்; வெட்டியதை அதில் கழித்துக்கொள்ளலாம். 2025/2026 க்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவரின் மாதச் சம்பளம் 200,000 என்றால் வருடத்துக்கு 2,400,000. தனிநபர் விடுவிப்பு, அதாவது வரி இல்லாமல் விடும் தொகை, 1,800,000 போக மிச்சம் 600,000. முதல் பத்து லட்சத்துக்கு வரி 6 வீதம், ஆகவே 36,000. அதை மாதம் 3,000 படி சம்பளத்தில் கழித்திருப்பார்கள். வட்டி 80,000 வந்தால் வங்கி 8,000 வெட்டியிருக்கும். ஆனால் இவருக்கு அந்த வட்டிக்கு உரிய வரி 4,800 தான். 3,200 ரூபா அவருக்குத் திரும்ப வர வேண்டிய காசு.

இதோடு வகுப்பு வருமானத்தைச் சேருங்கள். பிள்ளைகள் தந்தது 420,000, மண்டப வாடகையும் ஃபொட்டோக் கொப்பியும் 120,000, மிச்சம் 300,000. இப்போது வரிக்குரிய வருமானம் 980,000, வரி 58,800. ஏற்கனவே போன 44,000 ஐக் கழித்தால் இன்னும் 14,800 கட்ட வேண்டும். விபரத்திரட்டுக்கு நவம்பர் வரை நேரம் இருந்தாலும் மீதி வரியைக் கட்டும் கடைசி நாள் செப்டம்பர் 30. இதைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளத்துக்கு வெளியே இப்படி வருமானம் உள்ளவர்கள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையாகக் கட்டிவர வேண்டும். செலவுப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அந்த 120,000 ஐ நிரூபிக்க முடியாது. மண்டபக்காரரிடம் மாதா மாதம் கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ வட்டியில் சீவிக்கிறார்களா? அவர்களின் மொத்த வருமானம் வருடத்துக்கு 1,800,000 ஐத் தாண்டாவிட்டால், வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்து அந்த 10 வீத வெட்டை நிறுத்தலாம். அதற்கு அவர்கள் பேரில் டின் இலக்கம் வேண்டும். ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி இதை அவர்களுக்குச் செய்துகொடுங்கள். மருந்துச் செலவுக்கு ஆகும் காசு அது.

இனி விபரத்திரட்டோடு கொடுக்கும் சொத்துக்கள் பொறுப்புக்கள் கூற்று. ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். காணி, வீடு, வாகனம், வங்கி மீதி, பங்குகள், நகை, கைக்காசு, கொடுத்த கடன், பட்ட கடன் எல்லாம் இதில் வரும். எழுத முன் ஒரு தாளில் இப்படிப் பாருங்கள்: போன மார்ச் 31 இல் இருந்தது, அதோடு இந்த வருட வருமானம், அதில் வரியும் வீட்டுச் செலவும் போக மிச்சம். இந்த மார்ச் 31 இல் உங்களிடம் இருப்பது அதற்குக் கிட்ட வர வேண்டும். என் கணக்கில் ஒரு வருடம் நான்கு லட்சம் கூடுதலாக நின்றது. இரண்டு இரவு தேடினேன். அக்கா லண்டனில் இருந்து அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு அனுப்பிய காசு என் கணக்கில் அப்படியே கிடந்தது. அதைத் தனியாகக் குறித்து, அனுப்பிய துண்டையும் பைலில் சேர்த்தேன். வெளிநாட்டில் இருந்து உறவுகள் காசு அனுப்பாத தமிழ் வீடு கொழும்பில் குறைவு. வந்த அன்றே துண்டை எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் தயாரானால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நிரப்ப ஒரு மாலை போதும். டின்னோடு, உள்நுழைவதற்கான இரகசிய இலக்கமும் (PIN) வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். சந்தேகம் என்றால் 1944 க்கு எடுங்கள், அல்லது கொம்பனித்தெருப் பக்கம், சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள தலைமைக் காரியாலயத்துக்கு நேரே போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், உறைகளையும் கொண்டு. அனுப்பி முடிந்ததும் வரும் ஏற்புச்சீட்டை அச்செடுத்து, மூன்று உறைகளோடும் கொப்பியின் அந்தப் பக்கத்தோடும் ஒன்றாகக் கட்டி, ஐந்து வருடத்துக்கு அலுமாரியில் வையுங்கள்.