பழைய லென்ஸின் ஃபோகஸ் வளையத்துக்குப் புதுக் கிறீஸ்

நுவரெலியாவில் மார்கழி, தை மாதக் காலைகளில் போத்தலிலுள்ள தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும். பழைய கமரா லென்ஸின் கிறீஸும் குளிரில் தடிக்கும். கொழும்பில் சற்றுக் கனமாகச் சுழலும் ஃபோகஸ் வளையம், மேலே வந்ததும் இரண்டு விரலுக்கு அசையாது.

கிறீஸ் என்பது சவர்க்கார வகைப் பொருள் ஒன்று பஞ்சு மாதிரி எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் கலவை. நாற்பது, ஐம்பது வருடத்தில் எண்ணெய் கசிந்துவிட, வளையத்துக்கு உள்ளே ஒன்றுக்குள் ஒன்று சுழலும் குழல்களின் மரையில் மெழுகுக் கசடுதான் மிஞ்சும். கசிந்த எண்ணெய், ஒளி வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பேச்சர் தகடுகளில் போய்ப் படியும். வளையம் இறுகிய லென்ஸில் தகடுகளும் ஈரமாக மினுங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே வெளியிலிருந்து தையல் மெஷின் எண்ணெயோ டபிள்யூடி-40யோ விடவே வேண்டாம். இரண்டு வாரம் இலகுவாகச் சுழலும். பிறகு அதுவும் தகட்டுக்குப் போய்விடும்.

முதல் முறை செய்பவர்களுக்கு ஹீலியோஸ் 44-2 என்ற பழைய லென்ஸ் நல்லது. 58 மில்லிமீற்றர், எஃப் 2, எம்42 மரை (கமராவில் திருகிப் பூட்டும் வகை). அப்பேச்சர் முழுக்கக் கையால் இயங்குவதால் உள்ளே நெம்புகோல் சிக்கல் குறைவு. சூப்பர் டாக்குமார் போன்ற லென்ஸ்களில் அப்பேச்சரைத் தானாக மூட ஓர் ஊசி இருக்கிறது. அது எந்த நெம்புகோலில் முட்டி நிற்கிறது என்பதைப் படமெடுத்த பிறகே கழற்ற வேண்டும். ஸூம் லென்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். மூடுபனி வீட்டுக்குள் வரும் நாளில் லென்ஸைத் திறந்தால் ஈரத்தையும் பூஞ்சை வித்துகளையும் உள்ளே வைத்து மூடுவதாகிவிடும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையும் காய்வாக இருக்கும்.

தேவையானவை: முனை சரியாகப் பொருந்தும் சிறிய ஸ்குரூ டிரைவர்கள் (ஜப்பானிய லென்ஸுக்கு ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர முனை; சாதாரண நட்சத்திர முனை தலையைத் தின்றுவிடும்), இரண்டு கால் உள்ள லென்ஸ் திறப்பான், நீளம் அளக்கும் கலிப்பர், லைட்டர் பெற்றோல், ஐசோபுரோப்பைல் அல்கஹோல், பழைய டூத் பிரஷ், பல்லுக்குத்தும் குச்சி, நூல் உதிராத துணி.

முதலில் வளையத்தை முடிவிலிக்கு (மிகத் தூரத்தைக் காட்டும் ∞ குறி) திருப்பி வைத்து, லென்ஸின் மொத்த நீளத்தைக் கலிப்பரால் அளந்து எழுதுங்கள். வளையத்தின் பக்கத்திலுள்ள மூன்று சிறு ஸ்குரூக்கள் அசையாவிட்டால் பலத்தைக் கூட்ட வேண்டாம். அவற்றை அரக்குப் பூசி இறுக்கியிருப்பார்கள். குச்சி நுனியால் ஒரு துளி அல்கஹோல் வைத்துப் பத்து நிமிடம் பொறுத்தால் இளகும். கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் வெள்ளைத் தாளில் ஒட்டுநாடாவின் மேல் வரிசையாக ஒட்டுங்கள். அரை மில்லிமீற்றர் நீளமான ஸ்குரூ இடம் மாறிப் போனால், எவ்வளவு நல்ல கிறீஸ் போட்டாலும் அதன் நுனி உள்குழலைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடித் தொகுதியை முழுசாக வெளியே எடுத்து, மூடிய டப்பாவில் வையுங்கள். உள்குழல் சுழலாமல் நேரே மட்டும் நகரச் செய்யும் பித்தளைத் துண்டுக்குக் ‘கீ’ என்று பெயர். அது இருந்த பக்கத்தையும் குறித்துவிட்டே கழற்றுங்கள்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். இந்தக் குழல்களின் மரைக்கு ஹெலிகொயிட் என்று பெயர். அது, ஜாம் போத்தல் மூடி மாதிரி, பல இடங்களில் தொடங்கும். எந்த இடத்தில் வைத்தாலும் ஏறும். ஆனால் ஓர் இடம்தான் சரி. பிரிக்கும்போது ஒரு கையால் வெளிக்குழலைப் பிடித்து, உள்குழலை மெல்ல, மெல்லத் திருப்புங்கள். கடைசி மரை விடும்போது ‘டிக்’ என்று ஒரு தளர்வு விரலில் தெரியும். அந்தக் கணத்திலேயே நிறுத்தி, இரண்டு குழலிலும் நேருக்கு நேராக ஊசியால் ஒரு கீறல் போடுங்கள். பேனாக் குறி லைட்டர் பெற்றோலில் கழுவுப்பட்டுப் போகும். இரட்டை ஹெலிகொயிட் என்றால் இரண்டு சோடிக்கும் தனித்தனிக் குறி வேண்டும்: ஒன்றுக்கு ஒரு கீறல், மற்றதற்கு இரண்டு.

கழுவுவதற்கு லைட்டர் பெற்றோல் போதும். விறகடுப்போ காஸ் அடுப்போ எரியும் அறையில் வேண்டாம். மண்ணெண்ணெய் மலிவு, ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். அதில் கழுவினால் பிறகு சவர்க்காரத் தண்ணீரிலும் அல்கஹோலிலும் அலச வேண்டும். தின்னர் பட்டால் வளையத்து எண்கள் அழியும். பித்தளையில் பச்சைப் படிவு இருந்தால் குச்சியால் மரைப் பள்ளம் பள்ளமாகச் சுரண்டுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை விடக் கூடாது. அந்தக் கறுப்பு தேய்ந்த உலோகத் தூள். காய்ந்த குழல்களைச் ‘சும்மா பொருத்திப் பார்ப்போம்’ என்று திருப்பாதீர்கள். அலுமினியத்தோடு அலுமினியம் உராய்ந்தால் கவ்விக்கொள்ளும்; பிறகு பிரிக்கவே முடியாமல் போகலாம்.

ஹெலிகொயிட்டுக்கென்றே விற்கும் கிறீஸைத்தான் வாங்க வேண்டும். மலைநாட்டுக்கு நடுத்தரப் பிடிப்பு அல்லது மென்மையானது பொருந்தும். கடினமானதைப் போட்டால் விடியற்காலையில் பழைய கதைதான். வாகன லிதியம் கிறீஸ் எண்ணெய் கக்கும். வாஸலின் வெயிலில் இளகி ஓடும்.

அளவு: ஒரு மரைப் பக்கத்துக்கு மூன்று, நான்கு அரிசி மணி. பிரஷ் நுனியால் பள்ளங்களில் மெல்லிய படலமாக இழுங்கள். மரையின் உருவம் கிறீஸுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். குறியோடு குறி வைத்து, முதலில் பின்பக்கமாகத் திருப்பி அந்த ‘டிக்’ வந்ததும் முன்பக்கம் ஏற்றுங்கள். இருபது தடவை முழுதாகச் சுழற்றி, ஓரத்தில் பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். கீ உட்காராவிட்டாலோ, முடிவிலியில் நீளம் முன்பு எழுதியதோடு ஒத்துவராவிட்டாலோ, தொடக்கம் தவறு. கழற்றி அடுத்த தொடக்கத்தில் வையுங்கள்.

வளைய ஸ்குரூக்களை இறுக்கும் முன் முடிவிலியைச் சரிபார்க்க வேண்டும். நுவரெலியா டவுனில் இருப்பவர்களுக்குப் பிதுருதலாகலை உச்சியிலுள்ள கோபுரங்கள் நல்ல இலக்கு. மற்ற இடங்களில், இரவில் எதிர்மலைத் தேயிலைத் தொழிற்சாலையின் ஒற்றை விளக்கைப் பாருங்கள். அப்பேச்சர் முழுதாகத் திறந்திருக்க, அந்த வெளிச்சம் மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் குழலை நிறுத்தி, வளையத்தை மட்டும் முடிவிலிக் குறிக்குக் கொண்டுவந்து மூன்று ஸ்குரூவையும் சமமாக இறுக்குங்கள். டிஜிட்டல் கமராவில் அடப்டர் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. அடப்டர்கள் பெரும்பாலும் கொஞ்சம் மெல்லியதாக இருக்கும். முடிவிலி குறிக்கு முன்னாலேயே வந்துவிடும். எம்42 ஃபிலிம் கமரா கிடைத்தால் அதிலேயே பாருங்கள், லென்ஸ் உட்காரும் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை அதிலுள்ள 45.46 மில்லிமீற்றர் தூரத்துக்குத்தான் லென்ஸ் செய்யப்பட்டது.