சாப்பிடறீங்களா என்று கேட்காதீர்கள்: நெல்லைக்குப் புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள், மாடியில் குடியிருக்கும் சென்னைப் பெண்ணின் வீட்டுக்கு அவள் மாமியார் வழிச் சொந்தம் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். "ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று அவள் கேட்டது படிக்கட்டு வழியாக என் காதில் விழுந்தது. ஐயோ என்றிருந்தது. நானும் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள்தான்.

உத்திரத்துக்கு அவரவர் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலைத் தேடி வெளியூர்க்காரர்கள் மொத்தமாக வருவார்கள். அப்புறம் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம், குற்றாலத்தில் சாரல் என்று ஆள் வரத்து ஓயாது. வந்ததும் செம்பில் தண்ணீர், உட்கார இடம் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பிடறீங்களா என்று கேட்பது

கல்யாணமான முதல் வருஷம். பகல் ஒரு மணிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வீட்டுக்காரரின் பெரியப்பா வந்தார், பை நிறைய நார்த்தங்காயோடு. "சாப்பிடறீங்களா மாமா?" என்றேன். "இல்லம்மா, சாப்பிட்டுட்டுதான் வாறேன்" என்றார். மறுபடி கேட்டேன். "வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு." சரி, பெரியவர் பொய்யா சொல்வார் என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் நேரே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பாட்டு டோக்கன் வாங்கியதைச் சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார்.

அவ்வளவுதான். மூன்று கல்யாண வீடுகளில் என் பேர் அடிபட்டது. "கேட்டுட்டுல்லா சோறு போடுதா" என்று பந்தியில் என் காதுபடவே ஒரு அத்தை சொன்னார். மகனுக்குக் காது குத்தியபோது பெரியப்பா வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வெற்றிலை, பழத் தட்டோடு அம்பாசமுத்திரம் போய் நின்ற பிறகுதான் மனம் இறங்கினார்.

எனக்கு இன்றும் எரிச்சல்தான். வேண்டாம் என்று சொன்னது அவர், கெட்ட பேர் எனக்கு. ஆனால் கேட்டால் "வேண்டாம்" என்பதுதான் இங்கே மரியாதையான பதில். உலையில் சோறு இல்லை போலிருக்கிறது, பிள்ளையைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று வந்தவர் நினைத்துக்கொள்வார். அதனால் அந்தக் கேள்வியே கூடாது. இலையைக் கழுவிப் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்து, "கையைக் கழுவிட்டு வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட வேண்டும். உண்மையிலேயே சாப்பிட்டவர் என்றால் ஒரு கை ரசஞ்சோறு வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அவசரத்தில் சொதி வைப்பது

பெரியப்பா விவகாரத்துக்குப் பிராயச்சித்தமாக, அடுத்து வந்தவர்களுக்குச் சொதி வைக்கப் போனேன். தேங்காய் துருவி, மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்களும் வேகவைத்து எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்க விட்டேன். திரிந்துவிட்டது. மாப்பிள்ளை விருந்துக்கு ஆற அமர வைக்கிற குழம்பு அது. திடீரென்று வந்தவர்களுக்கு உளுந்தஞ்சோறுதான் கைகொடுக்கும். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, பூண்டு, சீரகம், கொஞ்சம் வெந்தயம், தேங்காய்த் துருவல், எல்லாவற்றையும் குக்கரில் போட்டால் போதும். விசில் அடங்குவதற்குள் எள்ளுத் துவையல் அரைத்துவிடலாம்.

"எப்போ ஊருக்கு?"

கேட்காதீர்கள்.

அல்வா வாங்கி வைப்பது

திருநெல்வேலிக்காரருக்கேவா? மிக்சர் வையுங்கள்.

சட்டென்று கதவைச் சாத்துவது

"போயிட்டு வாறோம்" என்று எழுந்தவர்கள் உடனே போக மாட்டார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நில்லுங்கள். பாதிப் பேச்சு அங்கேதான் நடக்கும். போன மாதம் வந்த சித்தி, வந்த விஷயத்தையே செருப்பைப் போட்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம்.