பனி அளவுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் புராஜெக்டுக்குத் தரவு தேடும் நம் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு அமெரிக்க மேற்கு மலைகளின் பனி அருமையான பொருள். அங்குள்ள ஸ்னோடெல் என்னும் தானியங்கிப் பனி அளவீட்டு நிலையங்களின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. தரையில் வைத்த கருவி, மேலே குவிந்த பனியின் எடையை உணர்ந்து, உருகினால் எத்தனை மில்லிமீட்டர் நீர் என்று சொல்லும். ஆட்களும் நேரில் போய், குழாயைப் பனிக்குள் இறக்கி, சிக்கியதை எடைபோடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா?

எக்ஸெலில் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டு, 0.98 வந்ததும் "ஒத்துப்போகின்றன" என்று எழுதிவிடுவதுதான் ஆகப் பெரிய தவறு. கருவி 100, 200, 300, 400 காட்டுகிறது, குழாய் 120, 240, 360, 480 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெழு அச்சாக 1. ஆனால் குழாய் ஒவ்வொரு முறையும் 20 விழுக்காடு கூடுதலாகச் சொல்கிறது! கெழு, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். அதனால் வித்தியாசத்துக்கென்று தனிப் பத்தி (column) போடுங்கள். இங்கே அதன் சராசரி 50. அதோடும் நிறுத்தக் கூடாது. 20, 40, 60, 80 என வித்தியாசம் பனியோடு சேர்ந்தே வளர்வதைச் சராசரி மறைத்துவிடும். இரு அளவுகளின் சராசரியைக் கிடையச்சிலும் வித்தியாசத்தைச் செங்குத்தச்சிலும் வைத்து வரைந்தால் அது பளிச்சென்று தெரியும். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் மருத்துவ அளவீடுகளுக்காக விளக்கிய இந்த வரைபடம் பனிக்கும் அப்படியே பொருந்தும்.

அடுத்தது தேதி. நீர்வரத்துக் கணிப்புக்கு அங்கே ஏப்ரல் 1 அளவீடு முக்கியம். 04/01/2023 என்று அமெரிக்க முறையில் எழுதியதை, சிங்கப்பூர் அமைப்பிலுள்ள எக்ஸெல் ஜனவரி 4 என்று எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கையும் வராது. 04/13/2023 மட்டும் தேதியாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும். அதைக் கண்டால் மொத்தப் பத்தியையும் சந்தேகப்படுங்கள்.

விடுபட்ட நாள்களில் 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள்.

150 நாள்களின் வரிசைகளை 150 தனித்தனி மாதிரிகள் என்று எண்ணி, சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை (t-test) செய்வதும் தவறு. பனி சேர்ந்துகொண்டே போவது. இன்றைய அளவில் பெரும்பகுதி நேற்றையது. ஆண்டுக்கு ஒரு தேதி என்று எடுத்து, பல ஆண்டுகளை ஒப்பிடுவதே நேர்மையான வழி.

திடீரென்று ஒரு பெரிய வித்தியாசம் தென்பட்டால் அந்த வரிசையை உடனே அழிக்காதீர்கள். உருகி மீண்டும் உறைந்த பனி கெட்டித் தகடாகி, எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். கருவி குறைத்துக் காட்டும். முதலில் அந்த வாரத்தின் வெப்பநிலைப் பத்தியைப் பாருங்கள்.