ஏற்காட்டில் குடியேறிய குடும்பத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

உங்கள் முன்னோர் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட்டு, ஏற்காடு ஊராவதற்குக் கைகொடுத்தவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருந்தால், எழுத உட்காரும் முன் மூலப்பத்திரத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள செக்குபந்தியை நிதானமாகப் படியுங்கள். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த ஓடை, வடக்கே எந்த ஊருக்குப் போகும் தடம் என்று எல்லை சொல்லும் அந்த வரிகளில், உங்கள் குடும்பம் வந்தபோது அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது பதிவாகியிருக்கும். எங்கள் பத்திரத்தில் தெற்கெல்லை ஒரு மலையாளிக் கவுண்டரின் (கேரளத்தவர் அல்ல, இம்மலையில் வாழும் பழங்குடியினர்) பட்டா நிலம் என்றிருந்தது. வெறுங்காட்டைத் திருத்தினோம் என்று மூன்று தலைமுறையாக நாங்கள் சொல்லிவந்த கதையை அந்த ஒரு வரி திருத்திவிட்டது.

இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று வெகு காலத்துக்கு முன்னால் போகாவிட்டால், பழைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அதற்கும் முந்தைய காலத்துக்கு, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சேலம் மாவட்டப் பதிவுகளைப் பாருங்கள். இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் காக்பர்ன் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்தார். உங்கள் குடும்பம் வந்த ஆண்டை இதனோடு ஒப்பிட்டால், முதலில் வந்தவர்களா, பின்னால் வந்தவர்களா என்பது தெளிவாகும்.

கல்லறைகளை விட்டுவிடாதீர்கள். தொல்லியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில்தான் இருக்கிறது. தேய்ந்த கல்லெழுத்தைப் படிக்கச் சுண்ணாம்பு பூசுவதும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கல்லைக் கெடுத்துவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் நின்றால், எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி, பெயரும் ஆண்டும் தாமாகத் தெரியும்.

இவை யாவற்றையும்விட அவசரமான வேலை பெரியவர்களிடம் கேட்பது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த தம் முன்னோரைப் பற்றி மலையாளி மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். தோட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே மலையில் இருந்தவர்கள் அவர்கள் என்பதால், உங்கள் தோட்டத்தை அவர்கள் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பழைய கூலிக்கணக்கு நோட்டு வீட்டில் இருந்தால், காடு வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள், பழம் பறித்தவர்கள் ஆகியோரின் பெயர்களை ஒன்று விடாமல் படியெடுத்து, உங்கள் பாட்டனாரின் பெயர் வரும் அதே அத்தியாயத்தில் சேருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன், அவர்களுடைய பேரப்பிள்ளைகளை அழைத்து அந்தப் பக்கங்களை வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களை எழுதிக்கொள்ளுங்கள்.