அறிவுத்தளத்தை ஏஐ ஏஜென்டுக்குத் திறந்துவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு கமக்காரர் அமைப்பு தன் ஆவணங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். குளம் வாரியாகப் போகத் தொடக்கத்தில் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தின் தீர்மானங்கள், உரச் சிபாரிசுகள், நெல்லினக் குறிப்புகள், பீடைகள் பற்றிய துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்ட். "உன்னிச்சையில விதைப்ப எப்ப முடிக்கணும்?" என்று உன்னிச்சைக் குளத்து விவசாயி ஒருவர் கேட்டால், அது மூன்று வருடத்துக்கு முந்தைய திகதியைச் சொல்கிறது. உடனே எல்லோரும் ஏஜென்டின் மூளையான மொடலைத் திட்டுவார்கள். பெரும்பாலும் பிழை, ஆவணங்களைத் தேடவும் திறக்கவும் அதன் கையில் கொடுத்த டூலில்தான் இருக்கும்.

சேர்ச் மட்டும் கொடுப்பது

வெக்டர் சேர்ச், அதாவது பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடும் முறை, எப்போதும் எதையாவது கொண்டுவரும். நவகிரிக் குளத்துக்கு இந்தப் போகத்தின் தீர்மானம் இன்னும் ஏற்றப்படவில்லை என்றாலும், அதற்கு நெருக்கமான உன்னிச்சைத் தீர்மானத்தை எடுத்து நீட்டிவிடும். "இல்லை" என்பதைச் சேர்ச்சால் சொல்ல முடியாது. லிஸ்ட் டூலால் முடியும்: நவகிரி போல்டரைத் திறந்து பார்த்தால், இல்லாதது இல்லை என்று தெரிந்துவிடும். ஆகவே உள்ளடக்கத்தைப் பட்டியலிட ஒன்று, கோப்பை வாசிக்க ஒன்று, தேட ஒன்று என மூன்றும் வேண்டும். மூன்றும் ஒரே ஆவண இலக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். சேர்ச் ஒரு பெயரைத் தந்து, ரீட் வேறொரு பாதையைக் கேட்டால், நடுவில் உள்ளதை ஏஜென்ட் ஊகித்து நிரப்பும்.

முழு மரத்தையும் கொட்டுவது, அல்லது சத்தமில்லாமல் வெட்டுவது

எல்லாப் போல்டரையும் ஒரே அழைப்பில் திருப்பி அனுப்பினால் கான்டெக்ஸ்ட் (ஏஜென்ட் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கக்கூடிய அளவு) நிரம்பிவிடும். தமிழில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி (எழுத்து, புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் ஒரு குறி) 3 பைட். "நெற்செய்கை" என்ற ஒரு சொல்லே 10 குறி, 30 பைட். எழுத்தை மொடலுக்காகத் துண்டாக்கும் டோக்கனைசர்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைவிடத் தமிழைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கும். எனவே ஒரு அழைப்புக்கு ஒரு மட்டம், ஒரு பக்கத்துக்கு 50 வரி அளவில் கொடுங்கள். ஒவ்வொரு போல்டருக்குப் பக்கத்திலும் உள்ளே எத்தனை ஆவணம் என்று போடுங்கள்.

இதைவிட மோசமானது, 50இல் வெட்டிவிட்டு வாய் திறக்காமல் இருப்பது. டூல் காட்டாதது ஏஜென்டைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. "மொத்தம் 212, இது 1 முதல் 50, தொடர இந்தக் கேர்சரைத் தருக" என்று பதிலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கேர்சர் என்பது விட்ட இடத்தைக் காட்டும் அடையாளம். அதைக் கடைசியாகக் காட்டிய ஆவண இலக்கத்தோடு கட்டுங்கள். "50ஐத் தாண்டி அடுத்தது" என்று எண்ணினால், இடையில் யாராவது முதல் 50இல் ஒரு கோப்பை அழித்ததும் 51ஆவது ஆவணம் எந்தப் பக்கத்திலும் வராமல் போகும். அகரவரிசை சரியா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. அழைப்புக்கு அழைப்பு வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

தலைப்பை மட்டும் காட்டுவது

வருடா வருடம், குளத்துக்குக் குளம், ஒரே தலைப்பில்தான் தீர்மானம் எழுதப்படுகிறது: "ஆரம்பக் கூட்டத் தீர்மானம்". லிஸ்டில் இதே பெயர் இருபது வரியில் வந்தால், ஏஜென்ட் ஏதோ ஒன்றைத் திறக்கும். ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கட்டும்:

0147 | உன்னிச்சை | சிறுபோகம் 2025 | ஆரம்பக் கூட்டத் தீர்மானம் | 3 பக்கம் | நடப்பில் உள்ளது

பழையதற்கு "நடப்பில் இல்லை, பதிலாக 0147" என்று போடுங்கள். இது அலங்காரம் இல்லை. முதல் நீர் விடும் நாள், விதைப்பின் கடைசி நாள், எத்தனை மாத நெல்லினம் என்பதெல்லாம் அந்தந்தப் போகத்துக்கு அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகின்றன. பிஜி 300 மூன்று மாத நெல். பிஜி 352, ஏடி 362 மூன்றரை மாதம். மூன்று மாத நெல் என்று முடிவான போகத்தில், பழைய தீர்மானத்தைப் பார்த்து மூன்றரை மாத நெல்லை விதைத்தவரின் வயலுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் போகலாம்.

பெரும்போகம் இரண்டு வருடத்தில் விழுகிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். விதைப்பு 2024 கடைசியில், அறுவடை 2025இல். ஒரே ஒரு "ஆண்டு" புலம் வைத்தால் பாதி ஆவணங்கள் 2024இலும் மீதி 2025இலும் சிதறும். போகத்தைத் தனிப் புலமாக வையுங்கள். போல்டருக்கு "2024/25 பெரும்போகம்" என்று பெயர் வைத்தால் வேறு சிக்கல்: சாய்கோடு பாதைப் பிரிப்பானாக எடுக்கப்பட்டு, "2024" என்ற போல்டருக்குள் "25 பெரும்போகம்" என்று ஒன்று முளைக்கும். நீளமான பெயர்களிலும் கவனம் தேவை. லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் அது 85 குறி. புள்ளியும் கால்களும் கொம்புகளும் அதில் அடக்கம்.

பாமினி எழுத்துருவை மறப்பது

நம் பக்கத்து அலுவலக ஆவணங்களில் நிறையவே பாமினியில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில விசைகளின் குப்பை. தலைப்பைக் கையால் எழுதிச் சேர்த்திருப்பதால் லிஸ்டில் எல்லாம் சரியாகத் தெரியும், ரீட் செய்தால்தான் குட்டு வெளிப்படும். ஏற்றும்போதே சோதியுங்கள்: யுனிகோட்டில் தமிழுக்கென்று 128 இடங்கள் உண்டு, தமிழ் ஆவணம் என்று வந்த கோப்பில் அந்தப் பகுதியின் குறி ஒன்றுகூட இல்லையென்றால் அதை யுனிகோட் மாற்றியில் போட்ட பிறகே உள்ளே விட வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃபில் எழுத்தே இருக்காது. லிஸ்ட் வரியில் "படம் மட்டும்" என்று குறித்துவிடுங்கள்.

யுனிகோட்டாக இருந்தாலும் "கொ" இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கலாம்: ஒற்றை உயிர்க்குறியுடன், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஆவணத்தையும் தேடும் சொல்லையும், இரண்டையும் ஒரே விதமாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். "கௌ" எழுத்தின் பின்பகுதிக்கு ள எழுத்தைத் தட்டியவர்களின் பிழையை என்எஃப்சி திருத்தாது; அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

எல்லாத் தோல்விக்கும் ஒரே வெற்றுப் பட்டியல்

போல்டர் காலி, போல்டரே இல்லை, அனுமதி இல்லை: இவை மூன்று வேறு பதில்கள். மூன்றுக்கும் வெற்றுப் பட்டியலையே அனுப்பினால், ஏஜென்ட் "தகவல் இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடும். உறுகாமம், ரூகம் என்று ஒரே குளத்தை இரு விதமாக எழுதுகிறார்கள். "ரூகம் என்று போல்டர் இல்லை, உறுகாமம் உண்டு" என்று பிழைச் செய்தியே வழிகாட்ட வேண்டும்.

அனுமதியை ஏஜென்டுக்கான அறிவுறுத்தலில் எழுதி வைத்துப் பயனில்லை. அடையாள அட்டை இலக்கம் உள்ள காணிப் பட்டியலைக் கேட்பவருக்குக் காட்டக்கூடாதென்றால், சேர்வரே அதை லிஸ்டில் சேர்க்கக் கூடாது. ஏஜென்டையும் டூலையும் இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் "வாசிக்க மட்டும்" என்று டூலில் குறிப்பது வெறும் குறிப்புத்தான், பூட்டு இல்லை.

சோதிக்கும்போது, பதில் இல்லாத கேள்விகளையும் கேளுங்கள். பிறகு டூல் அழைப்புகளின் பதிவான லொக்கைப் பாருங்கள். ஒரே போல்டரைத் திரும்பத் திரும்ப லிஸ்ட் செய்திருந்தால், கேர்சர் ஏஜென்டுக்குப் புரியவில்லை. ஒரு கேள்விக்கு ஏழெட்டுக் கோப்பைத் திறந்து மூடியிருந்தால், வரிகளைப் பிரித்தறிய விவரம் போதவில்லை. எதையும் திறக்காமலே பதில் சொல்லியிருந்தால், டூலின் விளக்கத்தை முதலில் திருத்துங்கள்: அது என்ன செய்யும் என்று மட்டும் எழுதியிருப்பீர்கள், எப்போது அழைக்க வேண்டும் என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.