சிறிய டிரெய்லருக்கு சோலார்: எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்?

பயண டிரெய்லருக்கு சோலார் போடுவதில் பேனல்தான் சுலபமான பகுதி. வெயில் பட்டால் கரண்ட் தரும், வருடக்கணக்கில் உழைக்கும், அதுவாகப் பழுதாவது அபூர்வம். கோளாறு வருவதெல்லாம் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில்தான். அதற்கும் முன்னால், போடாமல் விட்ட கணக்கில். ஆனால் சோலார் போட நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது “எத்தனை வாட் பேனல் வாங்கலாம்?” என்றுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

செலவைப் பார்க்காமல் வரவைப் பார்ப்பது

எல்இடி விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜர் இவற்றை எல்லோரும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவை கொஞ்சம்தான் சாப்பிடும். பெரிய செலவு ஃபிரிட்ஜ். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் என்றால் ஒரு நாளைக்கு 30 முதல் 50 ஆம்பியர்-அவர் வரை இழுக்கும் (ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஆம்பியர்-அவர்), வெப்பமான நாளில் இன்னும் கூடும். கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற பழைய வகை ஃபிரிட்ஜ் இன்னும் மோசம். அதை 12 வோல்ட்டில் ஓடவிட்டால் 10 ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க அப்படி ஓடினால் 240 ஆம்பியர்-அவர் போய்விடும். சிறிய டிரெய்லரின் கூரையில் அதற்கு ஈடுகொடுக்கிற அளவுக்குப் பேனல் வைக்க இடமே கிடையாது. வண்டி நின்றதும் கேஸுக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

அப்புறம் கண்ணில் படாத செலவு ஒன்று இருக்கிறது. கேஸ் கசிவைக் காட்டும் கருவி, ரேடியோவின் நினைவகம், ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டு அட்டை, அணைக்காமல் விட்ட இன்வெர்ட்டர் எல்லாம் இரவும் பகலும் துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியர்தானே என்று விட்டால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-அவர். பெரிய இன்வெர்ட்டர் எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா ஓடினாலே 10, 20 வாட் தின்றுவிடும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு 40, விளக்கும் பம்பும் மின்விசிறியும் 10, போனும் லேப்டாப்பும் 10, மறைந்த செலவு 12 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72 ஆம்பியர்-அவர். பேட்டரியின் வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 900 வாட்-அவர். இப்போது வரவைப் பார்க்கலாம். பேனலில் எழுதியிருக்கும் வாட், ஆய்வகத்தில் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் 25 டிகிரி செல் வெப்பமும் இருக்கும்போது அளந்தது. கூரையில் படுத்துக் கிடக்கிற பேனலுக்கு அந்த யோகம் வாய்ப்பதில்லை. எழுதியதில் 70 சதவீதம் வந்தால் நல்லது என்று கணக்குப் போடுங்கள். 200 வாட் பேனல், முழு வெயிலுக்குச் சமமாக 5 மணி நேரம், 70 சதவீதம் என்றால் 700 வாட்-அவர். பற்றாது. 300 வாட் என்றால் 1050, சமாளிக்கலாம். குளிர்காலத்தில் அந்த 5 மணி நேரம் பாதியாகக் குறையக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசியை சோலாரில் ஓட்டலாமா என்ற கேள்வியும் வரும். கூரை ஏசி 1500 வாட் வரை கேட்கும். நிறைந்திருக்கும் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1280 வாட்-அவர். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சிறிய டிரெய்லரில் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

நிழல் விஷயத்தில் அலட்சியம்

100 வாட் பேனலில் பொதுவாக 36 செல்கள் தொடராக இணைந்திருக்கும். அதில் ஒரே ஒரு செல்லின் மேல் காற்றுப் போக்கியின் மூடி நிழல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் தொடரில் இருப்பதால் அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும். இதைத் தவிர்க்கத்தான் பேனலின் பின்பக்கப் பெட்டியில் பைபாஸ் டையோடுகள் வைக்கிறார்கள். நிழல் பட்ட பாதியைத் தாண்டி மின்னோட்டம் போய்விடும். ஆனால் மிச்சம் இருக்கிற பாதி தருவது 9 வோல்ட் சுமார். 12 வோல்ட் பேட்டரியை 9 வோல்ட்டால் சார்ஜ் செய்ய முடியாது. தனியாகவோ பேரலலாகவோ (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்த பேனல் என்றால் உள்ளங்கை அகல நிழலுக்கு முழுப் பேனலும் வேலையை நிறுத்திவிடும். பறவை எச்சமும் ஈரமாக ஒட்டிய இலையும் இதே வேலையைச் செய்யும்.

அதனால் பேனலுக்கு இடம் குறிக்கும்போது நடுப்பகலை மட்டும் பார்க்காதீர்கள். காலையிலும் மாலையிலும் ஏசிப் பெட்டி, ஆன்டெனா, காற்றுப் போக்கி இவற்றின் நிழல் எவ்வளவு நீளுகிறது என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள். அட்டையைப் பேனல் அளவுக்கு வெட்டிக் கூரையில் ஒரு நாள் போட்டு வைத்தால் போதும், தெளிவாகத் தெரிந்துவிடும்.

பேரலலா, சீரிஸா (தொடரா) என்று நடக்கிற விவாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே மாதிரியான இரண்டு பேனல் என்றால் இரண்டுமே சரிதான். சீரிஸில் மின்னோட்டம் குறைவு, மெல்லிய ஒயர் போதும். பேரலலில் ஒரு பேனல் படுத்தாலும் மற்றது தன்பாட்டுக்கு ஓடும். உண்மையான தவறு, வேறு வேறு அளவுப் பேனல்களை சீரிஸில் கோர்ப்பது. குறைந்த மின்னோட்டம் தரும் பேனல் மொத்த வரிசையையும் தன் மட்டத்துக்கு இறக்கிவிடும்.

டிரெய்லரை மர நிழலில் நிறுத்தினால் உள்ளே குளுமை, கூரையில் பட்டினி. இதற்குக் கூரையில் தீர்வு இல்லை. மடித்து எடுத்துப் போகிற பேனல் ஒன்றும் நீளமான ஒயரும் இருந்தால் வண்டி நிழலில் நிற்கும்போதே பேனலை வெயிலில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மடக்குப் பேனல் பலவற்றில் கன்ட்ரோலர், அதாவது பேனலின் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி அளந்து விடும் கருவி, கூடவே வரும். அதை டிரெய்லரின் கன்ட்ரோலருக்குள் விடக்கூடாது, ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளும். பேனலில் இருக்கும் கன்ட்ரோலரைத் தாண்டி ஒயரை இணைக்க வேண்டும், அல்லது அந்தக் கன்ட்ரோலரிலிருந்தே நேராக பேட்டரிக்குக் கொண்டுபோக வேண்டும். டிரெய்லரின் பக்கவாட்டில் தயாரிப்பாளரே வைத்த சோலார் சாக்கெட் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: சிலவற்றில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் சொருகாதீர்கள்.

கூரையில் ஓட்டை

கரண்ட் குறைந்தால் கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். கூரை ஒழுகினால் டிரெய்லரே போச்சு. மரச்சட்டம் உள்ளுக்குள் ஊறி மக்குவது வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும், தெரியும்போது சுவரையே பிரிக்க வேண்டிவரும்.

அதனால் திருகு இறங்கும் இடம் கூரையின் குறுக்குச் சட்டமாக இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட்டில் மட்டும் பிடித்த திருகு நெடுஞ்சாலைக் காற்றில் நாளடைவில் தளரும். துளை போடுமுன் அந்த இடத்துக்கு நேர் கீழே ஒயரோ காற்றுக் குழாயோ போகிறதா என்று பாருங்கள். அடைப்பதற்கு வீட்டுச் சிலிக்கோனை எடுப்பது பரவலான பழக்கம், அதை விட்டொழிக்க வேண்டும். ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிக்காது. பிடிப்பு விட்ட பிறகு அதன் மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. உங்கள் கூரை ரப்பரா, டிபிஓ என்கிற பிளாஸ்டிக் விரிப்பா, ஃபைபர்கிளாஸா என்று தெரிந்துகொண்டு, அதற்கென்றே விற்கிற, தானாகப் பரவி மட்டமாகும் கூரை சீலன்ட்டை வாங்குங்கள். துடைக்க பெட்ரோல், தின்னர் வகையறா வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும்.

ஒயரை உள்ளே இறக்கப் புதிதாக ஓட்டை போடாமலும் முடியும். கேஸ் ஃபிரிட்ஜ் உள்ள டிரெய்லர்களில் பெரும்பாலும் கூரையில் அதன் வெப்பம் வெளியேற ஒரு திறப்பு இருக்கும். சூடான புகைப் பாதையைத் தொடாமல் ஓரமாக அதன் வழியே ஒயரை இறக்கிவிடலாம்.

வளையும் பேனல்கள் லேசானவை, நேராகக் கூரையில் ஒட்டிவிடலாம், பார்க்கவும் அழகு. எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இல்லை. அடியில் காற்று போக இடம் இல்லாததால் கடுமையாகச் சூடேறும். சிலிக்கான் பேனல் 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் திறனை இழக்கும். செல்லின் சூடு 65 டிகிரி ஆனால் 12 முதல் 16 சதவீதம் போய்விடும். தவிர, கண்ணாடிப் பேனல் அளவுக்கு அவை நீடிப்பதும் இல்லை. வளைந்த கூரை, எடை தாங்காத கூரை என்றால் மட்டும் அவற்றை யோசிக்கலாம். மற்றபடி கண்ணாடிப் பேனலை இரண்டு மூன்று சென்டிமீட்டராவது தூக்கி மாட்டுங்கள்.

ஒயர், கன்ட்ரோலர், ஃபியூஸ்

12 வோல்ட்டில் ஒயர் தடிமன் எவ்வளவு முக்கியம் என்பது பலருக்கும் தாமதமாகத்தான் உறைக்கிறது. கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 5 மீட்டர், மின்னோட்டம் 20 ஆம்பியர், ஒயர் 4 சதுர மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போக வர 10 மீட்டர் செம்பில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் தொலைந்துவிடும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட்டைப் பார்த்து, பேட்டரி நிறையப் போகிறது என்று முடிவு கட்டி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரிக்குக் கிடைத்ததோ 13.5. மதியம் மூன்று மணிக்கே “ஃபுல்” என்று காட்டிவிட்டு இரவு ஒன்பதுக்கு விளக்கு மங்குகிற டிரெய்லர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 16 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இந்த இழப்பு 0.23 வோல்ட்டாகக் குறையும். அதைவிடச் சுலபம், கன்ட்ரோலரை பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்துவிடுவது.

கன்ட்ரோலரில் பி.டபிள்யூ.எம். வகை மலிவு. ஆனால் அது பேனலை பேட்டரியின் வோல்ட்டேஜுக்கே இழுத்துவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பேனல், 13 வோல்ட்டில் அதே 5.5 ஆம்பியர்தான் தரும். கணக்கு 72 வாட்டில் நின்றுவிடும். எம்.பி.பி.டி. வகை அந்த மிச்சத்தில் பெரும்பகுதியை மீட்டுத் தரும். கூரையில் இடம் குறைவான சிறிய டிரெய்லருக்கு இதில் மிச்சம் பிடிப்பது சரியாகப் படவில்லை.

எம்.பி.பி.டி. வாங்கும்போது அது தாங்கும் உச்ச வோல்ட்டேஜைப் பாருங்கள். எதிலும் இணைக்காதபோது 22 வோல்ட் (திறந்த சுற்று வோல்ட்டேஜ்) காட்டும் பேனல் மூன்றை சீரிஸில் கோர்த்தால் 66. 75 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலருக்கு இது போதும் என்று தோன்றும். குளிரில் பேனலின் வோல்ட்டேஜ் ஏறும். மைனஸ் 10 டிகிரி விடியலில் அது 73ஐத் தொட்டுவிடும். விளிம்பில் நிற்கிற இணைப்பு, இன்னும் குளிர்ந்தால் கன்ட்ரோலர் போய்விடும்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று புரிந்துகொள்கின்றன. வேலை நடக்கும்போது பேனலைப் போர்வையால் மூடி வையுங்கள். பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டாலே அது உயிரோடு இருக்கும்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசமே வேண்டாம். ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்குத்தான் ஃபியூஸின் அளவும் இருக்க வேண்டும். 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு மாறுதிசை (AC) மின்சாரத்துக்கான பிரேக்கரை இங்கே போடக்கூடாது. பேட்டரியின் நேர்திசை (DC) மின்சாரத்தில் தீப்பொறி அணையாமல் நீளும்.

பேட்டரியை மாற்றிவிட்டு மற்றதை மாற்றாமல் விடுவது

லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். எடையும் பாதிக்கும் குறைவு. அதனால் பலரும் மாறுகிறார்கள், நல்லதுதான். ஆனால் டிரெய்லரோடு வந்த பழைய சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்காது. கன்ட்ரோலரின் அமைப்பும் லெட் ஆசிட்டிலேயே நிற்கும். இரண்டையும் பார்த்து மாற்ற வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக்கூடாது. குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பாதுகாப்பு உள்ளே இருக்கிற பேட்டரியாகப் பார்த்து வாங்க வேண்டும். வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்கிற பழக்கமும் இங்கே செல்லாது. லித்தியம் முக்கால் பங்கு இருந்தாலும் கால் பங்கு இருந்தாலும் 13 வோல்ட்டை ஒட்டியே காட்டும். ஷன்ட் (தன் வழியாகப் போகிற கரண்டை அளக்க உதவும் சிறிய தடை) வைத்த பேட்டரி மானிட்டர் தேவை. எல்லா மைனஸ் ஒயரும் அந்த ஷன்ட்டின் வழியாகவே போக வேண்டும். ஒன்று தப்பினாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

எடையையும் இடத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இழுவைக் கொக்கியின் மேல் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முன்னால் இருந்த 30 கிலோ பேட்டரியை எடுத்துவிட்டு, புதியவற்றைப் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் மூக்கு லேசாகிவிடும். வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். பேட்டரியை அச்சுக்கு முன்பக்கமாகவே வையுங்கள், முடித்ததும் கொக்கி எடையை ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது மேலே உறை போர்த்தினால் பேனலுக்கு வெயில் கிடைக்காது, மறைந்த செலவு மட்டும் தொடரும். உறை போடுவதென்றால் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். லெட் ஆசிட்டாக இருந்தால் நிறைய சார்ஜ் ஏற்றி வைத்து, இடையிடையே மறுபடி ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதி அளவில் விட்டால் போதும்.