பிரெக்சிட் செய்திகளைப் படிக்கும்போது குழப்பம் தரும் சொற்கள்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதைப் பற்றிய பழைய செய்திகளையோ கட்டுரைகளையோ படிப்பவர்கள், முதலில் நான்கு தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. 2016 ஜூன் 23 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது, 51.9 சதவீதத்தினர் விலகலை ஆதரித்தனர். ஆனால் விலகலுக்கான சட்டக் கடிகாரம் அன்று ஓடத் தொடங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவின்கீழ் முறையான அறிவிப்பு அளிக்கப்பட்ட 2017 மார்ச் 29 அன்றுதான் அது தொடங்கியது. 2020 ஜனவரி 31 அன்று உறுப்புரிமை முடிந்தபோதும், ஒன்றியத்தின் பெரும்பாலான விதிகள் பிரிட்டனில் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீடித்தன; இதுவே இடைமாற்றக் காலம்.

அதிகம் குழப்புபவை சுங்க ஒன்றியமும் ஒற்றைச் சந்தையும் ஆகும். செய்தியாளர்களே சில வேளைகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சுங்க ஒன்றியத்தில் உள்ள நாடுகள் தங்களுக்குள் சுங்கவரி விதிப்பதில்லை, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே வரியை விதிக்கின்றன. ஒற்றைச் சந்தையோ சரக்கு, சேவை, மூலதனம், மனிதர்கள் ஆகிய நான்கின் தடையற்ற நகர்வையும் பொதுவான தரவிதிகளையும் உள்ளடக்கியது. நார்வே ஒற்றைச் சந்தையில் பங்கேற்கிறது, ஆனால் சுங்க ஒன்றியத்தில் இல்லை என்பதை நினைவில் வைத்தால் வேறுபாடு மறக்காது.

‘பேக்ஸ்டாப்’ என்பது, பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தின் உறுப்பு நாடான அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே எல்லைச் சோதனைச் சாவடிகள் மீண்டும் முளைக்காமல் தடுக்க முன்வைக்கப்பட்ட காப்பு ஏற்பாடு. பின்னர், விலகல் ஒப்பந்தத்தின் பகுதியான வட அயர்லாந்து நெறிமுறை அதன் இடத்தைப் பிடித்தது.